கோவண்டிக்கு வராத வெளிச்சம்

பிளேக் கற்றுத்தந்த பாடத்தை மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் இன்னும் மறக்கவில்லை. மும்பைதான் மறந்துவிட்டது.

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள வீதிகளில் வளைந்த பால்கனிகளும் அகலமான ஜன்னல்களுமாக நிற்கின்றன 1930, 40களின் ஆர்ட் டெகோ கட்டடங்கள். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாடகைக்கு இருந்த வீடுகள். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. கிழக்கே சில கி.மீ. தள்ளி, கோவண்டியின் நட்வர் பாரேக் காம்பவுண்டில் கீழ்த்தள வீடுகளுக்குப் பகலிலும் விளக்கு வேண்டும்.

1896ல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். மூச்சுமுட்டும் நெரிசலே காரணம் என்று நம்பிய பிரிட்டிஷ் அரசு, 1898ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்டை அமைத்தது. தாதர்-மாட்டுங்கா அது திட்டமிட்ட பகுதி. டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி. ஓர் வலியுறுத்திய விதி எளிமையானது: 63.5 டிகிரி கோணத்தில் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். அதாவது, கட்டடத்தின் உயரத்தில் பாதியளவாவது எதிரே திறந்தவெளி.

டிரஸ்ட் ஒன்றும் தர்ம ஸ்தாபனமல்ல. அது இடித்த சேரிகளில் இருந்த ஏழைகள் பலருக்குப் புது வீடுகளின் வாடகை எட்டாக்கனி. ஆனாலும் அந்த அளவுகோல் சரியானது.

கோவண்டிக்கு அது பொருந்தவில்லை. சாலை, ரயில் திட்டங்களுக்காக அகற்றப்பட்ட குடிசைவாசிகளுக்கு இங்கே கிடைத்தது 225 சதுர அடி வீடு. ஏழு மாடி, அடுத்த கட்டடத்துக்கு இடைவெளி சுமார் 3 மீட்டர். ஓர் கணக்குப்படி 10 மீட்டராவது வேண்டும். குடிசை மறுவாழ்வுக்கென விதிகளைத் தளர்த்தியதன் விளைவு இது. இங்கும் அருகே மான்குர்டின் லல்லுபாய் காம்பவுண்டிலும் ஐ.ஐ.டி. பம்பாயும் 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பும் ஆராய்ந்து, காற்றும் வெளிச்சமும் குறைந்த வீடுகளுக்கும் காசநோய்க்கும் தொடர்பு இருப்பதாக 2018ல் தெரிவித்தன.

அதே 2018ல் தென் மும்பையின் விக்டோரிய, ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது யுனெஸ்கோ. மாட்டுங்கா அந்தப் பட்டியலில் இல்லை. 1947 வாடகைச் சட்டத்தால் வாடகை உறைந்தது. உரிமையாளர்களுக்குப் பராமரிப்பில் அக்கறை போயிற்று. ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவர்கள் புது ஃபிளாட் கேட்பது நியாயமே. பல கட்டடங்கள் இடிபட்டு, கோபுரங்கள் எழும்புகின்றன.

சுவர்களோடு அந்த இடைவெளிக் கணக்கையும் இடித்துவிட்டால், அடுத்த கோவண்டி மாட்டுங்காவிலேயே முளைக்கும்.