பேசாத எண்ணுக்கு மாதக் கட்டணம்

வேலூர் லாங் பஜாரில் உள்ள ஒரு ரீசார்ஜ் கடைக்கு மாதந்தோறும் ஓர் அம்மையார் வருகிறார். கையில் ஒரு துண்டுச்சீட்டு. அதில் எழுதியிருக்கும் கைப்பேசி எண் ஜெத்தாவில் வேலை செய்யும் மகனுடையது. அந்த எண்ணில் எவரும் பேசுவதில்லை. தாயும் மகனும் பேசிக்கொள்வது வாட்ஸ்அப்பில். பிறகு எதற்காக இந்தச் செலவு?

மகன் என்னிடம் பொருளியல் படித்தவர். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு சவூதிக்குப் போனார். பயன்படாத எண்ணுக்கு வீண் செலவு வேண்டாமென்று ரீசார்ஜை நிறுத்தினார். சில மாதங்களில் எண் கைவிட்டுப் போயிற்று. தங்கையின் திருமணத்துக்காக வைப்புத்தொகையை இணையவழியில் எடுக்க முயன்றபோதுதான் விளைவு புரிந்தது. வங்கியின் ஓடிபி பழைய எண்ணுக்கே போயிற்று. எண்ணை மாற்ற நேரில் வர வேண்டும் என்றார்கள். விமானக் கட்டணம் செலவழித்து வந்து, புதிய எண் வாங்கி, கணக்கில் சேர்த்துவிட்டுத் திரும்பினார். அந்தப் புதிய எண்தான் துண்டுச்சீட்டில் இருப்பது.

இந்திய சிம் வெளிநாட்டில் எப்படி இயங்குகிறது? ஜெத்தாவில் கைப்பேசியை இயக்கியதும் அங்குள்ள நிறுவனத்தின் கோபுரம், இது யாருடைய வாடிக்கையாளர் என்று இந்திய நிறுவனத்தைக் கேட்கிறது. பன்னாட்டு ரோமிங் வசதி முன்பே இயக்கப்பட்டிருந்தால் அனுமதி கிடைக்கும். அதன்பின் அவர் அங்கே பயன்படுத்தும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இந்திய நிறுவனம் அந்நாட்டு நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும். அதனால்தான் ரோமிங்கில் பேச்சும் இணையமும் விலை கூடியவை. அவை சில நாள் சுற்றுலாப் பயணிக்கென வகுக்கப்பட்டவை. ரோமிங் கூடுதல் கட்டணத்தை 2017 ஜூன் 15 முதல் நீக்கிய ஐரோப்பிய ஒன்றியமும் நிரந்தர ரோமிங்கை ஏற்கவில்லை. நான்கு மாத காலத்தில் ஒருவர் பெரும்பாலும் அயல்நாட்டிலேயே இருந்து பயன்படுத்தினால், நிறுவனம் விளக்கம் கேட்டுக் கூடுதல் கட்டணம் விதிக்கலாம்.

ஆனால் உள்வரும் குறுஞ்செய்திக்கு ரோமிங்கிலும் பொதுவாகக் கட்டணமில்லை. ஆகவே இரண்டு சிம் போடும் கைப்பேசியில் பேச்சுக்கும் இணையத்துக்கும் உள்ளூர் சிம்மையும், ஓடிபிக்கு மட்டும் இந்திய சிம்மையும் வைத்துக்கொள்வதே நடைமுறை. இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும். மறந்தால் வரும் தொகை அதிர்ச்சி தரும்.

சிக்கல் எண்ணைத் தக்கவைப்பதில் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013இல் கொண்டுவந்த விதிப்படி, ப்ரீபெய்டு எண்ணைப் பயன்படுத்தவில்லை என்பதற்காக 90 நாட்களுக்குள் துண்டிக்கக் கூடாது. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதன் பிறகும் துண்டிக்கக் கூடாது. இதைக் கேட்டு 20 ரூபாய் போதுமென்று நம்புவோர் உண்டு. எண் உயிரோடிருப்பது வேறு, அதற்குச் செய்தி வந்து சேர்வது வேறு. திட்டத்தின் காலம் முடிந்தால் சேவை நின்றுவிடும். சேவை இல்லாத எண்ணால் வங்கிக் கணக்கைத் திறக்க முடியாது. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கலாம் என்பதை 2023இல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்தது. அப்போது நம் வங்கிச் செய்தி முன்பின் தெரியாதவரின் கைக்குப் போகும்.

பொருளியல் நோக்கில் இது தொலைபேசிக் கட்டணமே அன்று. அடையாளத்துக்குச் செலுத்தும் வாடகை. அந்த அடையாளத்தைக் கேட்பது வங்கி, வாடகை வாங்குவது தொலைபேசி நிறுவனம், கட்டுவது வாடிக்கையாளர். வங்கி தன் பாதுகாப்புச் செலவைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறது என்றே சொல்வேன்.

மாற்றங்கள் வராமலில்லை. என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை வெளிநாட்டு எண்ணைக் கொண்டே யுபிஐயில் இணைக்க 2023 ஜனவரியில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் வழிவிட்டது. முதற்பட்டியலில் 10 நாடுகள். சவூதி, கத்தார், ஓமன் இருந்தன, குவைத்தும் பஹ்ரைனும் இல்லை. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரச் செய்த நெறிமுறைகள், குறுஞ்செய்தி ஓடிபியை விலக்காமலே வேறு சரிபார்ப்பு முறைகளுக்கும் இடமளிக்கின்றன. வங்கிச் செயலி, கைரேகை போன்றவற்றை வெளிநாட்டில் வாழ்வோருக்குத் தருவதை வங்கிகளின் விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்க வேண்டும். அயல்நாட்டிலிருந்தே எண்ணை மாற்ற, தூதரகச் சான்றுடன் ஒரு வழியும் தேவை.

அதுவரை ஓர் எளிய ஏற்பாடு உண்டு. 2024 டிசம்பரில் டிராய் செய்த திருத்தத்தால், டேட்டா இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும். சிறப்புத் திட்டங்களின் கால வரம்பும் 90 நாட்களிலிருந்து 365 நாட்களாக உயர்ந்தது. அந்த அம்மையாரிடம் இதைச் சொன்னேன். மாதாமாதம் கடைக்கு அலைவது மிச்சமாகும், ஆனால் மொத்தமாக அவ்வளவு தொகையா என்று தயங்கினார். மகனிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டு, வழக்கம்போல ஒரு மாதத்துக்கே கட்டிச் சென்றார்.