கச்சான் காற்றும் உல்லாசப் பயணிகளும்
திருகோணமலையின் ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்கள்

ஓகஸ்ட் பிறந்துவிட்டால் திருகோணமலை நகரம் நிறைந்துவிடும். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் வெளிநாட்டவர்களைக் காணலாம். கோணேசர் கோயிலிலும் கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகளிலும் எம்நாட்டவர்கள் கூடுவார்கள். இவர்களுக்குச் சோறு சமைப்பவர்கள், கச்சானும் இளநீரும் விற்பவர்கள், விடுதி அறைகளைத் துப்புரவு செய்பவர்கள் என்று பார்த்தால் அவர்களில் பலர் பெண்கள். போரில் கணவரை இழந்தவர்களும், காணாமற்போனவரைத் தேடிக்கொண்டே பிள்ளைகளை வளர்ப்பவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள்.

இத்தகைய பெண்கள் குழுக்களோடு பணியாற்றுபவள் என்ற வகையில் நான் கண்டது இதுதான். இந்த வெயில்தான் அவர்களுக்கு வருமானத்தைத் தருகின்றது. அவர்களது உடலை வருத்துவதும் இதே வெயில்தான். எனவே இந்த இரண்டு மாதங்களின் காலநிலையை விளங்கிக்கொள்வது எமக்கு வயிற்றுப்பாட்டோடு சம்பந்தப்பட்ட விடயமாகும்.

ஏன் இந்த மாதங்களில் வருகிறார்கள்?

மே முதல் செப்ரெம்பர் வரை எமது நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகின்றது. அக்காற்று தன்னிடமுள்ள மழையில் பெரும்பகுதியை மேற்குக் கரையிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் பொழிந்துவிடுகின்றது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது ஈரமிழந்து சூடேறிக் கிழக்கிற்கு வந்து சேர்கின்றது. இதையே நாம் கச்சான் காற்று என்கிறோம். "கச்சான் காற்றுக்குள்ள நிண்டு கச்சான் விக்கிறம், பிள்ளை" என்று ஒரு அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் எமது கரையில் அலை குறைவு. அதே மாதங்களில் காலி, ஹிக்கடுவைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அதனால்தான் உல்லாசப் பயணிகள் அப்போது கிழக்கை நாடுகின்றனர். டிசம்பரில் வாடைக்காற்றும் மழையும் எங்கள் பக்கம் வந்ததும் அவர்கள் தெற்கிற்கும் மேற்கிற்கும் போய்விடுகின்றனர்.

ஓகஸ்டில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இருக்கும். இரவிலும் 25 பாகையளவில் நிற்கும். ஓகஸ்ட் கடைசியில் சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் வருகின்றது. நண்பகலில் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். மழை இல்லாமலும் இல்லை. மாதத்துக்குச் சுமார் 100 மில்லிமீற்றர் மழை, பெரும்பாலும் பின்னேர இடிமழையாகப் பெய்யும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஒவ்வொன்றிலும் 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வதுண்டு.

வருபவர்களுக்கு என்ன சொல்லலாம்?

நீங்கள் வீட்டில் அறை கொடுப்பவராகவோ சாப்பாடு கொடுப்பவராகவோ இருந்தால், வருபவர்கள் உங்களிடம்தான் விசாரிப்பார்கள். சரியான தகவல் சொல்பவரைத் தேடி அவர்கள் மறுபடியும் வருவார்கள்.

• கன்னியாவுக்கும் கோணேசர் கோயிலுக்கும் காலையிலோ மாலை 4 மணிக்குப் பிறகோ செல்வது நல்லது. நண்பகலில் கோயில் வீதியின் கல் வெறுங்காலைச் சுடும்.

• புறாத்தீவுக்குக் காலையிலேயே படகேற வேண்டும். அது 2003 முதல் தேசியப் பூங்காவாக உள்ளது. அங்குள்ள பவளப்பாறைகளில் ஏறி நிற்கக் கூடாது.

• கடல் அமைதியாகத் தெரிந்தாலும், தரைக்காற்று காற்றடித்த மிதவைகளைக் கடலுக்குள் இழுத்துச் சென்றுவிடும். பிள்ளைகளை அவற்றில் தனியே விடக்கூடாது.

• மின்னல் கண்டதும் நீரிலிருந்து வெளியேற வேண்டும். தென்னைமரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

எமது உடம்பு

வருபவர் வெயில் ஏறினால் அறைக்குள் போய்விடலாம். அடுப்படியில் நிற்பவளும் மணலில் கூடையோடு நடப்பவளும் எங்கே போவது? நான் சந்தித்த பல சகோதரிகள் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. காரணம் கேட்டால், கடற்கரையில் பெண்களுக்கு மலசலகூட வசதி இல்லை என்கின்றனர். இந்த வெப்பத்தில் நீரைக் குறைப்பது சிறுநீர்த் தொற்றுக்கும் மயக்கத்துக்கும் இடமளிக்கும். இதைத் தனியொருத்தியின் கூச்சம் என்று விட்டுவிட முடியாது. நிழற்கூரையும் மலசலகூடமும் வேண்டுமென்று மாதர் சங்கத்தினூடாகப் பிரதேச சபைக்கு எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேர் ஒப்பமிட்ட கடிதத்தை ஒதுக்கிவைப்பது கடினம்.

செயற்கைக் கால் அணிந்திருப்பவர்கள் இக்காலத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வியர்வை தேங்கினால் கால் பொருந்தும் இடத்தில் புண் வரும். இடையிடையே கழற்றித் துடைத்து, உலர விட்டு அணியுங்கள்.

தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் ஏற்பட்டால் உடனே நிழலில் அமர்ந்து உடுப்பைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடலைத் துடையுங்கள். உப்பிட்ட மோர், கஞ்சி, ஜீவனி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். பேச்சுத் தடுமாறி, உடல் நெருப்பாகச் சுட்டால் 1990 அம்புலன்ஸை அழைக்கத் தாமதிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்னேர இடிச்சத்தம் கேட்டவுடன் நெஞ்சு பதறிப் பிள்ளைகளை இழுத்து அணைக்கும் தாய்மார் இன்றும் உள்ளனர். 2009இல் போர் முடிந்தாலும் உடம்பு செல்லடியை மறக்கவில்லை. இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. வானம் கறுக்கும்போது அயலில் ஒருவரோடு சேர்ந்திருங்கள். தொடர்ந்து நித்திரை கெட்டால் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவை நாடுங்கள்.

வாடை வருமுன்

ஒக்டோபரில் காற்று மாறும். அதன்பின் பல மாதங்களுக்கு வருமானம் சுருங்கும். மழையோடு புயலும் வரலாம். 2000 டிசம்பரிலும் 2020 டிசம்பரிலும் இப்பகுதி புயலைக் கண்டது. 2019 குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி ஆகிய ஒவ்வொன்றும் உல்லாசப் பயணிகளின் வரவைத் திடீரென நிறுத்தின. அப்போது கைகொடுக்கச் சேமிப்பில்லாத பெண்கள் நுண்கடன்காரரிடம் போக நேர்ந்தது.

ஆகவே வெயில் காயும்போதே சேமியுங்கள். நாளொன்றுக்கு 200 ரூபா ஒதுக்கினால் 60 நாட்களில் 12,000 ரூபா சேரும். அதை உங்கள் பெயரிலுள்ள கணக்கிலோ சங்கத்தின் சேமிப்பிலோ இடுங்கள். இதே வெயிலில் கருவாடும் வற்றலும் காயவைத்துப் பொதி செய்தால் மாரியிலும் விற்கலாம். கூரையைத் திருத்துவதென்றால் செப்ரெம்பருக்குள் திருத்துங்கள்.

கச்சான் காற்று எவருக்காகவும் காத்திருப்பதில்லை. அது வீசும் நாட்களில் உழைப்போம், உடலைக் காப்போம், மாரிக்கும் கொஞ்சம் எடுத்துவைப்போம்.