பழைய தமிழ் ஃபைலைத் திறந்தால் ஒரே கிறுக்கலா? டெலிட் செய்யும் முன் இதைப் படிங்க!

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வேர்டு ஃபைல் வந்து விழுகிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் தாத்தா எழுதி, டிடிபி சென்டரில் கொடுத்து டைப் அடித்து வாங்கிய ஊர் வரலாறு. ஆசையாகத் திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்துகட்டி நிற்கின்றன. ‘ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு’ என்று யாராவது சொன்னால், அதோடு அதன் கதை முடிந்தது. ஆனால் பெரும்பாலும் அந்த ஃபைலுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

அப்போ தமிழ் எங்கே போச்சு?

யூனிகோடின் முதல் பதிப்பு 1991-லேயே வந்துவிட்டது. தமிழும் அதில் இருந்தது. ஆனால் நம்மூர் கம்ப்யூட்டர்களில் அது புழக்கத்துக்கு வர ரொம்ப நாள் ஆனது. அதுவரை டிடிபி சென்டர்களைக் காப்பாற்றியது ஒரு சாமர்த்தியமான குறுக்குவழி: ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்துச் செய்த ஃபான்ட்.

உதாரணமாக, பாமினி ஃபான்டில் ‘அம்மா’ என்று தெரிந்தால், கம்ப்யூட்டருக்குள் பதிவாகியிருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகிய ஐந்தும்தான். பாமினி இருக்கும் கம்ப்யூட்டரில் அது அம்மா. இல்லாத போனில் வெறும் கிறுக்கல். இதில் பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு முறை வேறு. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்குள் எத்தனையோ புத்தகங்களும் ஆய்வேடுகளும் பழைய முறையில் டைப் ஆகிவிட்டன.

‘ஃபான்டை இன்ஸ்டால் பண்ணிக்கோ’ என்பது பாதித் தீர்வுதான். கண்ணுக்குத் தமிழ் தெரியும், ஆனால் ஃபைலுக்குள் ஒரு பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காது. பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடருக்கு அது இன்னமும் ஆங்கிலக் குப்பைதான்.

மாற்றுவது எப்படி?

ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து, எழுத்துகளை செலக்ட் செய்து, மேலே ஃபான்ட் பெயர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அந்த ஃபான்ட் உங்களிடம் இல்லாவிட்டாலும் வேர்டு பெயரைக் காட்டும். பிறகு ‘பொங்குதமிழ்’ போன்ற இணைய மாற்றி அல்லது என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளில் அந்த முறையைத் தேர்வு செய்து பேஸ்ட் செய்தால் சில நொடிகளில் யூனிகோடு தமிழ் வந்துவிடும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். ஃபைலுக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல்லோ இமெயில் முகவரியோ இருந்தால், மாற்றி அதையும் தமிழ் என்று நினைத்து உருட்டிவிடும். முழு ஃபைலையும் மொத்தமாகக் கொட்டாமல், தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுவதே நல்லது.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாத பிழை. பழைய ஃபான்ட்களில் ஔகாரக் குறிக்கும் ‘ள’ எழுத்துக்கும் ஒரே விசை. அதனால் ‘பௌர்ணமி’ மாறும்போது ‘பெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்துவிடலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். தேடினால்தான் காலை வாரும். கௌரி, கௌதம் என்று வீட்டில் யாராவது இருந்தால் அவர்கள் பெயரை முதலில் சரிபாருங்கள்.

சொத்துப் பத்திரம், மருத்துவக் குறிப்பு மாதிரியானவற்றை முன்பின் தெரியாத தளத்தில் பேஸ்ட் செய்யவே வேண்டாம். அதற்குக் கம்ப்யூட்டரிலேயே இயங்கும் மென்பொருள்தான் சரி.

பிடிஎஃப் என்றால் கதை வேறு. ஃபான்ட் உள்ளேயே இருப்பதால் தமிழ் அழகாகத் தெரியும், காப்பி செய்தால் மட்டும் கிறுக்கலாக வரும். அதை கூகுள் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்து பார்க்கலாம். அது பக்கத்தைப் படமாகப் பார்த்து எழுத்துகளை அடையாளம் காண முயலும். காகிதப் பிரதியை ஸ்கேன் செய்து வைத்திருந்தாலும் இந்த வழி உதவும். பிழை வரும்தான், ஆனாலும் முந்நூறு பக்கத்தைத் திரும்ப டைப் அடிப்பதற்குத் திருத்துவது எவ்வளவோ மேல்.

மாற்றி முடித்த கையோடு பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கேயாவது ஒரு வரி இடித்தால், ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.