‘இரண்டு மடங்கு ஆபத்து’... சரி, எத்தனை பேருக்கு?

1995 அக்டோபர். பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது: ‘மூன்றாம் தலைமுறை’ கருத்தடை மாத்திரைகள், ரத்தக்கட்டு வரும் ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன. செய்தி பரவியதும் பயந்துபோன பல பெண்கள் மாத்திரையை அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

எதைவிட இரண்டு மடங்கு? பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 7,000 பேரில் ஒருவருக்கு ரத்தக்கட்டு வந்தது. புதிய மாத்திரையில் இருவருக்கு. அவ்வளவுதான்! 7,000 பேருக்குக் கூடியது ஒரே ஒருவர். ‘100 சதவீதம் அதிகம்’ என்பதும் பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது?

கொடுமை என்னவென்றால், கர்ப்பகாலத்தில் ரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம். மறு ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்படுகிறது.

மருத்துவ ஆய்வுகளை மக்களுக்கு விளக்குபவர்கள் சதவீதத்தோடு நிறுத்தாமல், ‘எத்தனை பேரில் எத்தனை பேர்’ என்றும் எழுத வேண்டும் என்று ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் வலியுறுத்துவது இதனால்தான்.

‘ஆபத்து 50% குறையும்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதா? 100 பேரில் 20 என்பது 10 ஆனாலும் 50 சதவீதம்தான். 10,000 பேரில் 2 என்பது 1 ஆனாலும் அதே 50 சதவீதம்தான்.