பிளாஸ்மாவில் அலைகள் சக்தியை இழக்கும் விதம்

பகலில் இரைச்சல் மட்டுமே கேட்கும் மத்திய அலை மீடிறனொன்றில், இரவானதும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலையமொன்று தெளிவாகக் கேட்பதுண்டு. இதற்குக் காரணம் கேட்டால், "அயன்மண்டலம் இரவில் மட்டுமே அலைகளைத் தெறிக்கச் செய்கின்றது" என மாணவர் பலர் எழுதிவிடுகின்றனர். இது தவறான விடையாகும். தெறிக்கச் செய்யும் படைகள் பகலிலும் உள்ளன; பகலில் அவற்றில் இலத்திரன்கள் இன்னும் அதிகம். அங்கு சென்று திரும்பும் வழியில் அலை தனது சக்தியை இழந்துவிடுவதே உண்மைக் காரணம்.

அயன்மண்டலம் சுயாதீன இலத்திரன்களும் அயன்களும் கொண்ட ஐதான பிளாஸ்மா ஆகும். வானொலி அலையின் மின்புலம் இவையிரண்டின் மீதும் விசையைப் பிரயோகிக்கின்றது. அயன்களின் திணிவு பல்லாயிரம் மடங்கு கூடியதாகையால் அவற்றின் அசைவைப் புறக்கணிக்கலாம். இலத்திரன்கள் அலையின் மீடிறனுடன் அலைவுறும். அலைவுறும் ஏற்றம் மின்காந்த அலையைக் காலும் என்பதை நினைவிற் கொள்க. எனவே மோதல் எதுவும் நிகழாவிடின், இலத்திரன் பெற்ற சக்தி மீண்டும் அலைக்கே சேரும். ஆனால் இடையில் அது நடுநிலை மூலக்கூறொன்றுடன் மோதினால் ஒழுங்கான அலைவு குலைந்து, அச்சக்தி வாயுவின் எழுமாறான வெப்ப இயக்கமாகின்றது. அது திரும்பி வராது.

இவ்விழப்பு பெருமளவில் நிகழ்வது ஏறத்தாழ 60 கி.மீ. முதல் 90 கி.மீ. வரையுள்ள டி படையிலாகும். மேற்படைகளைவிட இங்கு இலத்திரன்கள் குறைவு; எனினும் வளி அடர்த்தி கூடியதால் ஓர் இலத்திரன் செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவைகளுக்கு மேல் மோதுகின்றது. சூரியன் மறைந்ததும் அயனாக்கம் நின்று, இலத்திரன்கள் விரைவில் அற்றுப்போகின்றன. தடை நீங்கிய அலை மேற்படைகளில் தெறித்து நம்மை வந்தடைகின்றது.

சிற்றலை பகலிலும் கேட்பது ஏன்? மீடிறன் கூடும்போது, இலத்திரன் ஒரு திசையில் ஆர்முடுகக் கிடைக்கும் நேரம் குறைகின்றது. மீடிறன் இருமடங்காயின் உயர் வேகம் அரைவாசி. இயக்கச் சக்தி காற்பங்கு. மோதலில் இழக்கப்படுவதும் அவ்வாறே குறையும். (அலையின் கோண மீடிறன் மோதல் வீதத்தைவிட மிகப் பெரிதாயின் மட்டுமே இது செல்லும்.)

ஆயினும் சிற்றலையும் எப்போதும் தப்புவதில்லை. 2017 செப்டெம்பர் 6 அன்று எக்ஸ் 9.3 வகைச் சூரியச் சுவாலையொன்று ஏற்பட்டது. அதன் எக்ஸ் கதிர்கள் டி படையின் இலத்திரன் அடர்த்தியைச் சடுதியாகக் கூட்டின. இர்மா சூறாவளி கரீபியன் தீவுகளைத் தாக்கிக்கொண்டிருந்த அதே நாளில், அங்கு அவசரச் செய்திகளுக்குப் பயன்பட்ட சிற்றலைத் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. வானொலிக் கருவிகளில் பழுதில்லை. சக்தி வளியிலேயே வெப்பமாகிவிட்டது.

மோதலே இல்லாத சூடான பிளாஸ்மாவிலும் அலை தணியலாம் என 1946 இல் சோவியத் பௌதிகவியலாளர் லெவ் லாண்டாவ் காட்டினார். இது உங்கள் பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டதெனினும் அறிந்திருத்தல் நன்று. பிளாஸ்மாவினுள் செல்லும் இலத்திரன் அடர்த்தி அலையின் வேகத்தைவிடச் சற்றுக் குறைந்த வேகமுள்ள இலத்திரன்கள் அலையிடம் சக்தியைப் பெறுகின்றன. சற்றுக் கூடிய வேகமுள்ளவை அலைக்குக் கொடுக்கின்றன. வெப்பச் சமநிலையில் முதல் வகையினவே அதிகம். ஆகவே பெறுவோர் தொகை மிஞ்ச, அலை தேய்கின்றது. 1964 இல் மல்ம்பேர்க், வாட்டன் ஆகியோர் இதனைப் பரிசோதனை மூலம் உறுதிப்படுத்தினர்.