கூடை போய் பை வந்தது: நாம் கவனிக்க வேண்டியவை



மூங்கிலிலும் பிரம்பிலும் முடைந்த கொழுந்துக் கூடையைக் காண்பது இப்போது அரிதாகி வருகிறது. பல மலைகளில் நைலோன் பையும் பிளாஸ்டிக் கூடையும் உரச் சாக்கில் தைத்த பையும்தான் முதுகில் தொங்குகின்றன. நல்ல மூங்கில் கிடைப்பது கஷ்டம். கூடை முடையத் தெரிந்த பெரியவர்களும் குறைந்து போனார்கள். பையோ பாரமில்லாதது, விலையும் மலிவு. ஆகவே மாற்றம் வந்தது சரிதான். ஆனால் ஒரு சாமானின் மூலப்பொருளை மாற்றினால் அதன் அமைப்பையும், அதைப் பாவிக்கும் முறையையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதை மறந்தால் நட்டம் கொழுந்து எடுப்பவருக்குத்தான். இதைப் பற்றியே இம்முறை விளக்க விரும்புகிறோம்.

தேயிலைப் பெட்டி சொல்லும் பாடம்

நம் தாய் தகப்பன் காலத்தில் ஸ்டோரிலிருந்து தேயிலை பலகைப் பெட்டியில்தான் கொழும்புக்குப் போனது. பிளைவுட் பலகை, மூலைக்குத் தகரப் பட்டி, உள்ளே ஈரம் புகாமல் ஆரம்பத்தில் ஈயத் தாள், பின்னாளில் அலுமினியத் தாள். இந்தப் பலகைக்கு ஏராளமான மரம் தேவைப்பட்டது. 1970களில் சிங்கராஜக் காட்டிலும் பிளைவுட்டுக்காக மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்ப்பினால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் அந்தக் காடு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது.

பிறகு பெட்டியின் இடத்துக்குப் பல மடிப்புக் கடதாசிச் சாக்கு வந்தது. கடதாசி பலகை மாதிரி நிமிர்ந்து நிற்காது. பெட்டி போலவே அதை அடுக்கியிருந்தால் சரிந்து கிழிந்திருக்கும். அதனால் தேயிலையை நிரப்பியதும் சாக்கை அமுக்கித் தட்டையாக்கினார்கள். மரத் தட்டின் மேல் செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றிப் படுக்க வைத்தார்கள். ஈரத்தைத் தடுக்க உள்ளே தனியாக ஒரு தாள் வைத்தார்கள். கையால் தூக்கிய இடத்தில் தட்டோடு சேர்த்துத் தூக்கும் இயந்திரம் வந்தது. பலகை செய்த ஒவ்வொரு வேலைக்கும் வேறு ஒரு வழி தேடியதால்தான் கடதாசி நின்று பிடித்தது.

கூடை செய்த வேலை என்ன?

இதே கண்ணோடு நம்ம கூடையைப் பார்ப்போம். பறித்த பிறகும் கொழுந்து உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, சூட்டை வெளியே விடுகிறது. காற்றில்லாமல் அமுங்கிக் கிடந்தால் அந்தச் சூடு உள்ளேயே தங்கிக் கொழுந்து சிவந்து போகும். சிவந்த கொழுந்தில் நல்ல தேயிலை வராது. மூங்கில் கூடையின் இடைவெளி வழியே காற்று தானாகப் போய் வந்தது. கூடை விறைப்பாக நின்றதால் கொழுந்து நசுங்கவில்லை. வாயும் திறந்தபடி இருந்தது. இந்த மூன்று வேலையும் யாரும் சொல்லாமலே நடந்தன. நெருக்கமாக நெய்த சாக்குப் பை இதில் ஒன்றைக்கூடச் சரியாகச் செய்யாது.

நல்ல பை எப்படி இருக்க வேண்டும்?

1. பக்கங்கள் வலைத் துணியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கூடையானால் சுற்றிலும் அடியிலும் துளை வேண்டும். மழைத் தண்ணீரும் அதன் வழியே வடியும்.

2. பையின் வாயில் பிரம்பு வளையம் ஒன்றைத் தைத்துவிட்டால் வாய் மூடாது, கொழுந்து போடச் சுலபம்.

3. தலையில் மாட்டும் பட்டி அகலமாக இருக்கட்டும். அதே பாரம் மெல்லிய கயிற்றில் தொங்கினால் ஒரே இடத்தில் அழுத்தும். நாலு விரல் அகலப் பட்டியில் அது பரவிப் போகும். பாரம் குறையாது, ஆனால் தலையில் அழுத்தும் வலி குறையும்.

4. பை நிறைய வேண்டும் என்று கொழுந்தை அமுக்கக் கூடாது. நிறுக்கும் வரை நிழலில் வையுங்கள்.

5. வெயிலில் நாள்பட்ட சாக்கு நைந்து நார் உதிரும். அந்த நார் கொழுந்தோடு போய்த் தேயிலையில் கலக்கும். நைந்ததைத் தாமதிக்காமல் மாற்றிக் கேளுங்கள்.

மருந்து வந்த சாக்கும் கேனும் வேண்டாம்

எதையும் வீணாக்காமல் திரும்பப் பாவிப்பது நம்மவர்களின் நல்ல பழக்கம். ஆனால் களைகொல்லி, பூச்சி மருந்து வந்த கேனும் சாக்கும் எத்தனை தரம் கழுவினாலும் சுத்தமாகாது. அதில் கொழுந்து எடுக்கவும் கூடாது, காம்பராவில் தண்ணீரோ அரிசியோ வைக்கவும் கூடாது. பிள்ளைகள் கையில் கிடைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தராசில் கவனம்

பை மாறினால் கழிவும் மாற வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறோம். பழைய கூடைக்கு 2 கிலோ கழித்தார்கள் என்று வைப்போம். இப்போதுள்ள பை அரைக் கிலோதான். அதற்கும் பழையபடி 2 கிலோ கழித்தால் ஒரு நிறுவையில் ஒன்றரைக் கிலோ போகிறது. நாளுக்கு மூன்று நிறுவை என்றால் நாலரைக் கிலோ. முழுப்பேருக்குக் கிலோ குறைந்து அரைப்பேர் விழுவதற்கு அது போதும். ஆகவே வெறும் பையைக் காய்ந்தபடி ஒரு முறையும், நனைந்தபடி ஒரு முறையும் எல்லோர் முன்னாலும் நிறுத்து, அந்தக் கணக்கை எழுதி வைக்கும்படி கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. சரியான நிறுவை தோட்டத்துக்கும் நல்லதுதான்.

புதுச் சாமான் வரும்போது

பையோ, கூடையோ, வேறு எந்தக் கருவியோ புதிதாக வரும்போது மூன்று கேள்வி கேட்போம். பழைய பொருள் என்னென்ன வேலை செய்தது? அந்த வேலையைப் புதியதில் எது செய்கிறது? மலையில் வேலை செய்பவர்கள் இதை மழையிலும் வெயிலிலும் பாவித்துப் பார்த்தார்களா?

எல்லோருக்கும் வாங்குவதற்கு முன் நாலைந்து பேரிடம் கொடுத்து, ஒரு மாதம் பாவிக்க விட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தி வாங்குவதே புத்தி. அந்த நாலைந்து பேரில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் அதிகமாகக் கூடை சுமப்பது அவர்கள்தான். உங்கள் தோட்டத்தில் பாவிக்கும் பையில் குறை கண்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். பையையும் கையோடு கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்த்து வழி செய்வோம்.