லாடச் சிறுநீரகம்: யாருக்கு ஸ்கேன் தேவை?

வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் 'லாடச் சிறுநீரகம்' என்று ஒரு வரி வந்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. இரு சிறுநீரகங்களும் கீழ்முனையில் ஒட்டியபடி பிறப்பதுதான் இது. ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு உண்டு. கருவில் இடுப்புக்குள் உருவாகும் சிறுநீரகங்கள் மேலேறி விலாவுக்கடியில் அமர வேண்டும். ஒட்டிக்கொண்டவை ஏறும்போது, பெருந்தமனியிலிருந்து குடலுக்குப் பிரியும் ஒரு தமனி நடுப் பிணைப்பை மறித்துவிடுகிறது. உள்நோக்கித் திரும்ப வேண்டிய திருப்பமும் பாதியில் நின்றுவிடும். அதனால் சிறுநீர்க்குழாய் சற்று உயரத்தில் தொடங்கி, பிணைப்புக்கு முன்புறமாக வளைந்து இறங்குகிறது. இதனால் சிலருக்குச் சிறுநீர் தேங்கலாம், தேங்கினால் கல்லும் கிருமித்தொற்றும் வரக்கூடும்.

அப்படியானால் எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். வேண்டாம் என்பதே என் கருத்து. இந்த அமைப்புடன் பிறந்த பலர் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். தொல்லை தராத பிணைப்பைப் பிரித்துவிடும் சிகிச்சையும் கிடையாது. முன்கூட்டித் தெரிந்து செய்ய ஒன்றுமில்லாத இடத்தில் தேடல் கவலையைத்தான் வளர்க்கும். ஸ்கேன் வேண்டும் என்பதற்குப் புற்றுநோய் அச்சம் சற்றுக் கனமான வாதம். குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி இந்த அமைப்புள்ளவர்களிடம் ஏறக்குறைய இருமடங்கு என்று அமெரிக்க ஆய்வுப் பதிவுகள் காட்டுவது உண்மை. ஆனால் பொதுவாக 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருவது இருவருக்கு வரும், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கொரு ஸ்கேன் என்ற கண்காணிப்பு, பெக்வித்-வீடமன் போன்ற, ஆபத்து பல மடங்கு கூடிய மரபுக் குறைபாடுகளுக்கே பொருந்தும்.

டர்னர் என்ற குரோமோசோம் குறைபாடுள்ள பெண்குழந்தைகளின் கதை வேறு. அவர்களிடம் லாடச் சிறுநீரகம் பலமடங்கு அதிகம். குறைபாடு உறுதியானதுமே சிறுநீரக ஸ்கேன் எடுக்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். அங்கே ஒரு ஸ்கேனைத் தவறவிடுவது அலட்சியம். மற்றவர்களிடம் தற்செயலாகத் தெரியவந்தால், நீர்த்தேக்கமோ கல்லோ உண்டா என்று ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிட்டு, சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம், கிரியாட்டினின் ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கவனித்தால் போதும். காய்ச்சலோடு இடுப்புவலியோ, சிறுநீரில் ரத்தமோ வந்தால் தள்ளிப்போடக் கூடாது. பிணைப்பு முதுகெலும்புக்கு முன்னால் கிடப்பதால் வயிற்றில் விழும் பலத்த அடியும் அதை நசுக்கலாம். அதற்கு வரும் ரத்தக்குழாய்களும் எதிர்பாராத இடங்களிலிருந்து கிளம்பும். ஆகவே அந்த ஸ்கேன் அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். வயிற்றில் எந்த அறுவை சிகிச்சை என்றாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டுங்கள்.